மழை வந்த பிறகு பட்டுப்போகும் மரங்கள்

பாலாற்றை ஒட்டிப் பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கங்களில் தென்னை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மழை பொய்த்த ஆண்டில் மட்டை தொங்கினாலும் மரம் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு மழை பெய்து, கிணற்றில் நீர் ஏறி, இனிக் கவலையில்லை என்று நினைக்கும் வேளையில் காய் குறைகிறது. அதற்கும் அடுத்த ஆண்டில் சில மரங்கள் கொண்டை சாய்ந்து பட்டுப்போகின்றன. தண்ணீர் இருக்கும்போது மரம் ஏன் சாக வேண்டும்? இதற்கு விடை தெரிந்துகொண்டால், பருவநிலை மாற்றம் மரங்களின் நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மரம் மெதுவாக வாழ்கிறது. அது நோய்ப்படுவதும் மெதுவாகத்தான். பயிர் வாடினால் அந்த வாரமே தெரியும். மரமோ தன் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்து, பல மாதங்கள் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். அந்தச் சேமிப்பை மறுபடியும் நிரப்பிக்கொள்ள அதற்குச் சில நல்ல ஆண்டுகள் தேவைப்படும். வறட்சியும் கடும் வெயிலும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. வேம்பும் புளியும் பனையும் அவற்றோடு பழகி வளர்ந்தவையே. ஒரு கெட்ட காலத்துக்கும் அடுத்த கெட்ட காலத்துக்கும் நடுவில் மரம் தேறிக்கொள்வதற்குக் கிடைத்துவந்த அவகாசம் இப்போது குறைந்துவருகிறது என்பதே புதிய செய்தி.

முதலில் ஒரு சொல் விளக்கம். இன்று வெயில் கடுமையாக இருக்கிறது என்றால் அது வானிலை. முப்பது ஆண்டுகள் போன்ற நீண்ட காலத்தின் சராசரியும், அந்தச் சராசரியிலிருந்து வானிலை எந்த அளவுக்கு விலகி ஆடுகிறது என்பதும் சேர்ந்ததே பருவநிலை. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. வெயிலூர் என்று வேடிக்கையாகப் பெயர் பெற்ற வேலூரில், கத்திரி வெயிலில் 42 டிகிரியைப் பார்த்தவர்களுக்கு, முக்கால் டிகிரிகூட நிரம்பாத இந்த உயர்வு பொருட்படுத்தத் தக்கதாகவே தோன்றாது. மரத்துக்கு அப்படியன்று. அதன் காரணம் இலையில் இருக்கிறது.

மரம் வேரால் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் இலை வழியாக ஆவியாகி வெளியேறிவிடுகிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே வரும் வழியும் அதுவே, நீராவி வெளியேறும் வழியும் அதுவே. ஆகவே உணவு தயாரிக்க வேண்டுமானால் வாயிலைத் திறக்க வேண்டும், திறந்தால் நீர் போகும். எவ்வளவு நீர் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் காற்றின் தாகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

காற்றை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளலாம். முற்பகலில் வெப்பம் 30 டிகிரி. அந்தக் குடம் 100 பங்கு நீராவியைக் கொள்ளும். அதில் 50 பங்கு நிரம்பியிருக்கிறது. பிற்பகலில் வெப்பம் 40 டிகிரியாகிறது; காற்றில் ஈரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் குடம் பெரிதாகிவிடுகிறது: இப்போது அது ஏறத்தாழ 170 பங்கு கொள்ளும். காலியிடம் 50 பங்கிலிருந்து 120 பங்காகிவிட்டது. இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் கூடுகிறது. இந்த நிலையில் இன்னும் ஒரே ஒரு டிகிரி கூடினாலும் காலியிடம் மேலும் 7 விழுக்காட்டுக்கு மேல் பெருகும். கடற்காற்று தாமதமாகவும் தளர்ந்தும் வந்துசேரும் இந்த உள்நாட்டு ஊர்களில், சென்னையோடு ஒப்பிட்டால் பிற்பகல் காற்று எப்போதுமே வறண்டது. மழையளவு துளிகூடக் குறையாவிட்டாலும் வெப்பம் மட்டும் உயர்ந்தாலே மரத்துக்கு வறட்சி கடுமையாகும் என்பதை இந்தக் குடக் கணக்கிலிருந்து புரிந்துகொள்ளலாம். மழைக்கணக்கை மட்டும் பார்த்து மரத்தின் நிலையை மதிப்பிடுவது அதனால்தான் தவறாகிறது.

காற்று மேலிருந்து இழுக்கிறது. மண் கீழே நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில், தண்டின் உள்ளே இருக்கும் மெல்லிய குழல்களில் நீர், இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைத்து நிற்கிறது. இழுப்பு அளவு மீறினால் குழலுக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்க்கயிறு அறுந்துவிடும். அறுந்த குழல் பெரும்பாலும் மீண்டும் பயன்படாது. சில குழல்கள் அடைபட்டால் மரம் சமாளிக்கும். பாதிக்கு மேல் அடைபட்டால் உச்சிக்கிளைகளுக்கு நீர் ஏறாது. வறட்சியில் மரம் பெரும்பாலும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருவதன் காரணம் இதுதான். உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களை ஒப்பிட்டு 2012இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 70 விழுக்காடு இந்த ஆபத்து எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாடம் வாழ்கின்றன என்று காட்டியது. மழைக்காட்டு மரம், வறண்ட காட்டு மரம் என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. ஒவ்வொரு மரமும் தான் பழகிய பருவநிலையில் கிடைக்கும் நீரை ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்தும்படியே அமைந்திருக்கிறது. பருவநிலை மாறுமானால் ஒதுக்கி வைத்த இடைவெளி என்று அதனிடம் அதிகமாக எதுவும் இல்லை.

குழல் அறுந்துவிடாமல் காக்க மரத்துக்குத் தெரிந்த எளிய வழி, இலைத்துளைகளை மூடிக்கொள்வது. மூடினால் நீர் மிச்சமாகும். ஆனால் உணவு தயாரிப்பு நின்றுவிடும். ஆவியாதலால் கிடைத்துவந்த குளிர்ச்சியும் போய்விடுவதால், வெயிலில் நிற்கும் இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும். வெப்பமண்டல மரங்களின் இலைகளில் ஒளிச்சேர்க்கை நடத்தும் உறுப்புகள் சராசரியாக 46.7 டிகிரியை ஒட்டிப் பழுதுபடத் தொடங்குகின்றன. நிழலில் 42 டிகிரி என்று செய்தியில் சொல்லப்படும் நாளில், துளைகளை மூடிய இலை அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்.

உணவு தயாரிப்பு நின்றாலும் சுவாசம் நிற்பதில்லை. மரமும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. அதற்குச் சர்க்கரை செலவாகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இருமடங்காகும். இதனால் பகல் வெயிலைவிட இரவின் வெக்கையைத்தான் நான் அதிகம் அஞ்சத்தக்கதாகக் கருதுகிறேன். வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் உள்வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன. ஊருக்குள் கான்கிரீட்டும் தாரும் அதையே செய்கின்றன. இரவு குளிராவிட்டால், பகலில் குறைவாகச் சம்பாதித்த மரம் இரவில் அதிகமாகச் செலவழிக்கிறது. கையிருப்பு இப்படியே கரைகிறது. தாகத்தால் குழல் அறுந்து சாவது ஒரு வகை. பட்டினியால் மெல்லச் சாவது இன்னொரு வகை. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டே வருகின்றன.

இனித் தென்னைக்குத் திரும்பலாம். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. தென்னையில் ஒரு பாளை குருத்துக்குள் கருவாக உருவாவதிலிருந்து அது வெடித்து வெளிவருவதற்கு ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு காய் முற்றுவதற்கு மேலும் 12 மாதங்கள். மொத்தம் 44 மாதங்கள். ஆகவே 2016இன் இறுதியில் வறட்சி தாக்கியபோது, மரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த பாளைகள் எல்லாமே வெவ்வேறு பருவத்தில் அடிபட்டன. வெளியே வந்திருந்தவை குரும்பை உதிர்த்தன. உள்ளே இருந்தவை பெண்பூக்கள் குறைந்தோ, முழுதும் கருகியோ, ஓராண்டு ஈராண்டு கழித்து வெளிப்பட்டன. நல்ல மழைக்காலத்தில் காய் குறைவதைப் பார்த்து உரத்தையோ மருந்தையோ குறை சொல்வது எளிது. உண்மையில் அது ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு முந்தைய வறட்சியின் விளைவு.

தென்னைக்கும் பனைக்கும் இன்னொரு குறை உண்டு. வேம்பும் புளியும் ஆண்டுதோறும் பட்டைக்கு உள்ளே புதிய குழல்களை உண்டாக்கி, அடைபட்டவற்றை ஈடுசெய்துகொள்ள முடியும். தென்னையின் தண்டு பருப்பதில்லை. முதலில் உண்டான குழல்களை வைத்தே அது ஆயுள் முழுதும் காலந்தள்ள வேண்டும். வளர்வதற்கு இருக்கும் முனையும் ஒன்றே ஒன்று. குருத்து போனால் மரம் போயிற்று. புளியமரம் ஒரு பக்கக் கிளைகளை இழந்துவிட்டு மறுபக்கத்தில் தழைத்து நிற்பதைப் பார்க்கிறோம். தென்னையால் அது முடியாது.

தளர்ந்த மரத்தைத் தேடிப் பூச்சியும் பூசணமும் வருகின்றன. மரத்தின் எதிர்ப்பு என்பது பிசின், துவர்ப்பு, கசப்பு போன்ற பொருள்களைத் தயாரித்து நிறுத்துவது. அவற்றுக்கும் அதே கையிருப்பிலிருந்துதான் செலவாக வேண்டும். அமெரிக்க மரநோய் அறிஞர் பால் மேனியன் 1981இல் இதை ஒரு சுழலாக விளக்கினார். கெட்ட மண், குறுகிய இடம் போன்றவை மரத்தை நெடுநாளாக வலுவிழக்கச் செய்கின்றன; வறட்சி, வெள்ளம் போன்ற ஒன்று வந்து தள்ளிவிடுகிறது; கடைசியில் வரும் பூச்சியோ பூசணமோ உயிரை முடிக்கிறது. நாம் பார்ப்பது கடைசி ஆளை மட்டுமே. பழியும் அதன்மீதே விழுகிறது. தென்னையில் வெள்ளை ஈயின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுருள் வெள்ளை ஈ 2016இல், அதாவது அதே வறட்சி ஆண்டில், பொள்ளாச்சிப் பகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சியானாலும், வறண்ட வெப்பமான காலத்தில் பெருகி நல்ல மழையில் குறைவது அதன் இயல்பு. ஓலைமீது கருப்பாகப் படியும் பூசணம் அதன் கழிவில் வளர்வது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்துக்கு நேரும் எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வேப்பமரங்களின் நுனிகள் நெருப்பு பட்டதுபோல் பழுப்பாகத் தீய்ந்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அது வெயிலின் வேலையன்று; தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும், ஈரத்தில் பரவும் நுனிக்கருகல் பூசணமும் செய்வது. பெரும்பாலான மரங்கள் பங்குனியில் புதுக்கொழுந்து விட்டு மீள்கின்றன. மீளாத மரங்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும்: அதற்கு முந்தைய கோடைகளில் அவற்றுக்கு என்ன நேர்ந்தது, அவற்றின் அடியில் மண் இருக்கிறதா அல்லது சிமெண்டா என்று. அதுபோலவே சவ்வாது மலையில் சந்தனம் அருகிப்போனதற்கு முதற்காரணம் வெட்டும் கடத்தலுமே. 1899இல் குடகில் முதலில் பதிவான, தத்துப்பூச்சிகளால் பரவும் கூர்நோயும் சந்தன மரங்களைப் பெருமளவில் அழித்திருக்கிறது. ஆனால் சந்தனம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து நீரும் உப்பும் வாங்கி வாழும் மரம் என்பதால், அண்டை மரங்கள் வறட்சியில் தளர்ந்தால் எஞ்சியிருக்கும் சந்தனக் கன்றுகளும் சேர்ந்தே தளரும்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலிப்பேச்சு ஒன்று உண்டு: அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். 2021 நவம்பரில் ஆற்றுக்கு நீரும் வந்தது, கரை கொள்ளாமல். வெப்பக் காற்று ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமப்பதால், மழை வராத நாள்கள் நீள்வதும், வரும்போது ஒரேயடியாகக் கொட்டுவதும் சேர்ந்தே நிகழ்கின்றன. நாள்கணக்கில் நீர் தேங்கினால் மண்ணின் இடைவெளிகளில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத்திணறும், நுனிவேர்கள் அழுகும். அவ்வாறு வேரை இழந்த மரம், அடுத்த கோடையில் மண்ணில் ஈரம் இருந்தும் குடிக்க முடியாமல் வாடும். ஆற்றங்கரையில் பிறந்த மருதமும் புங்கமும் இதை ஓரளவு தாங்கும். வறண்ட மேட்டுக்குப் பழகிய மரங்கள் தாங்குவதில்லை.

மாமரத்துக்கு வரும் தொல்லை வேறு வகை. பூ எடுப்பதற்கு அதற்கு வறண்ட, குளிர்ந்த மார்கழி, தை இரவுகள் வேண்டும். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் பூங்கொத்து வர வேண்டிய இடத்தில் இளந்தளிர் வந்துவிடும். பூத்திருக்கும்போது பருவம் தப்பிய மழை பெய்தால் பூங்கொத்தைக் கருக்கும் பூசண நோய். பிஞ்சு பிடித்தபின் திடீர் வெக்கை வந்தால் உதிர்வு. மரம் சாகாது, தோப்புக்காரர்தான் வாடுவார்.

இந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் பாதி மரமாக இருக்கும். பனப்பாக்கம், வேப்பங்குப்பம், ஆலங்காயம், ஏலகிரி மேல் புங்கனூர். ஆர்க்காடு என்பதையே ஆத்திமரக் காடு என்று பொருள் சொல்வாரும் உண்டு. அந்தந்த மரம் அந்தந்த இடத்தில் செழித்ததால் பெயர் நின்றது. பருவநிலை நகரும்போது மரமும் நகர வேண்டும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைவதால், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் பழைய குளிர்ச்சியைத் தேடி ஓர் இனம் மலையில் 150 மீட்டர் மேலே ஏற வேண்டியிருக்கும். நின்ற இடத்தில் நிற்கும் மரம் ஏறுவது என்பது, விதை மேலே போய் விழுந்து முளைத்து, அடுத்த தலைமுறை அங்கே நிலைபெறுவது. சவ்வாது, ஏலகிரி மலைகளின் உச்சிகள் மிக உயரமானவை அல்ல. ஏற்கெனவே மேற்பகுதியில் வாழும் இனங்களுக்கு அதற்கு மேல் போக இடமில்லை. காட்டின் நலத்தைக் கணிக்கப் பெரிய மரங்களைவிடக் கன்றுகளைப் பார்ப்பதே சரியான வழி என்று சொல்வேன். நூறு வயதுக் கடுக்காய் மரம் ஆழவேரால் கோடையைக் கடந்துவிடும். ஒரு சாண் வேருள்ள நாற்று கடக்காது. மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது மனிதர் கையால் பற்றும் தீ, கோடை முன்கூட்டியே வந்த ஆண்டுகளில் எளிதில் பரவி, அந்த நாற்றுகளையே முதலில் கொண்டுபோகிறது. முதிய மரங்கள் பசுமையாக நிற்க, அவற்றின் கீழே பிள்ளைகள் இல்லாத காடு வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும்.

கரியமில வாயு மரத்துக்கு உணவுதானே, அது கூடினால் நல்லதல்லவா என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். கேள்வி நியாயமானதே. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. துளையைச் சிறிதே திறந்தாலும் போதிய அளவு கிடைப்பதால், நீரும் நல்ல மண்ணும் உள்ள இடத்தில் மரம் சற்று வேகமாக வளரத்தான் செய்கிறது. ஆனால் வேகமாக வளர்ந்த மரம் பெரும்பாலும் விரைவில் மடிகிறது. காற்றின் தாகம் கூடும்போது துளைகள் மூடிக்கொள்ளுமானால், வெளியே எவ்வளவு வாயு இருந்தும் உள்ளே வரப்போவதில்லை.

வீட்டு மரத்தின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உச்சிக்கிளைகள் மொட்டையாகின்றனவா, இலை வழக்கத்தைவிடச் சிறுத்து வருகிறதா, அடிமரத்திலிருந்து திடீரெனத் துளிர்கள் கிளம்புகின்றனவா, பட்டை வெடித்துப் பிசின் ஒழுகுகிறதா என்று ஆண்டுக்கு இருமுறை பார்த்தாலே போதும். தேறுவதற்கான அவகாசத்தை நாமும் ஓரளவு கொடுக்கலாம். தண்டின் அடியில் ஊற்றாமல் கிளைநுனி நிழல் விழும் வட்டத்தில் நீர் விட வேண்டும். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் மிகுதி. நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதைவிடச் சில நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அடியிலேயே மூடாக்காகப் பரப்பினால் மண் சூடு தணியும். கழுத்துவரை சிமெண்டு பூசிய தெருமரத்துக்கு முதல் வைத்தியம் அந்தச் சிமெண்டைப் பெயர்ப்பது. கோடையில் கிளை கழிப்பது, பட்டினி கிடப்பவரின் கையிருப்பைப் பிடுங்குவதற்கு ஒப்பானது.

தென்னந்தோப்பு உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு: தண்டே பழைய வறட்சிகளின் குறிப்பேடு. ஒரு மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டைகள் விடுகிறது. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் ஒரு வடு நிற்கிறது. வடுக்கள் நெருங்கி, தண்டும் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும் இடம் மரம் தளர்ந்திருந்த காலத்தைக் காட்டும். ஒரே வயதுடைய மரங்கள் பலவற்றிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒடுக்கம் தெரிந்தால், தோப்பு முழுவதையும் தாக்கிய வறட்சி அது. ஒரு மரத்தில் மட்டும் தெரிந்தால், அந்த மரத்தின் அடியில் தோண்டி வேரைப் பார்க்க வேண்டும்.